கை காட்டியவள்

போன மாதம் எங்கள் சபையில் மூத்த பெண்கள் கூடியபோது என்னைப் பேசச் சொன்னார்கள். பிளவுபட்ட உலகத்தில் சமாதானம் செய்கிறவர்களாக வாழ்வது எப்படி என்பது தலைப்பு. "உங்கப்பாவப் பத்திச் சொல்லுங்க டீச்சர், அது போதும்" என்றார் செயலாளர் அம்மா. அரிவாளுக்கு முன்னால் கதவில் நின்றவர் என்று என் அப்பாவை இந்தப் பக்கத்தில் இன்னும் சொல்வார்கள். நான் எழுந்தேன். ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிரஷர் என்று நினைத்துக்கொண்டு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அன்று சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். மன்னார்குடிக்குத் தெற்கே எந்தத் தெருவில் பிறந்தவர் எந்தத் தெருவுக்குள் செருப்போடு போகக் கூடாது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சாந்தம் எனக்கு வரவில்லை. இது பழி நினைத்த ஒரு பெண் எழுதுவது.

அப்பா எங்கள் தெருவுக்கு உபதேசியார். போதகர் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து போவார். மற்ற நாட்களில் ஜெபம், கல்யாணப் பேச்சு, சாவு, பள்ளிக்கூடம் எல்லாம் அப்பாதான். எங்கள் கோயில் ஓடு போட்ட ஒரே கூடம். வார நாட்களில் அதில்தான் வகுப்பு. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சாமான் அறை. அங்கே பாய்களும், வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமை மாவு மூட்டைகளும் கிடக்கும். அந்த மாவின் புழுங்கிய வாசனை இப்போதும் எனக்குப் பயத்தின் வாசனை.

கோயிலைக் கூட்டிப் பாய் விரிப்பவர் ஒரு அக்கா. முப்பது வயதுகூட இருக்காது, கைம்பெண். அவர் புருஷனை, மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்ட காரியக்காரன் இரண்டு தேங்காய்க்காகத் தென்னையில் கட்டிவைத்து அடித்தான். அடிபட்ட மனுஷன் காய்ச்சலில் விழுந்து பத்தாம் நாள் போய்விட்டார். காய்ச்சலில் செத்ததாகத்தான் எழுதினார்கள். அந்தக் காரியக்காரனுக்கு 'ர்' போட்டு எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு சிவப்புக் கொடி கோட்டையில் ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினொரு வயது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைத் தாலுகா ஆபீஸில் சாகுபடிதாரர் என்று பதிய வேண்டும், பதிந்தவனை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது என்று உத்தரவு வந்தது. எங்கள் தெருவில் பதினொரு குடும்பம் மிராசுதாரின் வடக்குப் பங்கை அப்படித்தான் உழுதுகொண்டிருந்தது. என் அண்ணன் பெயரும் அதில் உண்டு. அவனுக்குப் பத்தொன்பது வயது. தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த இளவட்டம் அவன் ஒருவன்தான். தாசில்தார் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக அப்பா அவனுக்கு ஒரு மைப்பேனா வாங்கிக்கொடுத்திருந்தார். பச்சை உடம்பு, தங்கநிற மூடி. எங்கள் வீட்டிலிருந்த ஒரே பளபளப்பான சாமான். நாள் முழுக்கத் தன் பெயரை எழுதிப் பார்ப்பான். என்னையும் தொட விடுவான், மூடியைக் கழற்றாமல்.

தை பிறப்பதற்கு மூன்று வாரம் இருக்கும். சம்பா கதிர் வளைந்து பால் முற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி வந்து பார்க்கும்போது வயலில் பயிர் இருந்தால்தானே சாகுபடி. காரியக்காரன் ஒரு காலையில் அறுபது எழுபது மாட்டை ஓட்டிவந்து வடக்குப் பங்கில் விட்டான். கூட நாலு தடியர்கள்.

நான் மதகுக்குப் பக்கத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓடிவந்து மாட்டுக்கு முன்னால் நின்றான். வேறு யாரும் வந்துசேரவில்லை. இரண்டு பேர் அவனைப் பிடித்து மதகுக் கல்லில் கையை வைத்து அழுத்தினார்கள். காரியக்காரன் கையில் பூண் போட்ட தடி.

"எந்தக் கையிலடா கையெழுத்துப் போடுவ?" என்று கேட்டான். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. விசாரிக்கிற மாதிரி கேட்டான்.

பதிலுக்குக் காத்திராமல் காரியக்காரனே வலது கையைத் தேர்ந்துகொண்டான். மூன்று அடி. மூன்றாவது அடியில் வந்த சத்தம் ஈரக் கரும்பை முறிக்கிற சத்தம். அதன்பிறகு இன்றுவரை நான் கரும்பு கடிப்பதில்லை. மாடுகள் அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மூன்று விரல் இனி மடங்காது என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மாடு மிதித்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் இளவட்டங்கள் இருபது பேர் கூடினார்கள். முன்னால் நின்றது என் மாமா, அம்மாவின் தம்பி. செங்கொடிச் சங்கத்தில் இருந்தார். நல்ல பாட்டுக்காரர், முன்கோபி. காரியக்காரன் வீட்டு வைக்கோல் போருக்குத் தீ வைப்பது என்று பேச்சு. அப்பா மட்டும் வேண்டாம் என்றார்.

"மச்சான், உங்க மவன் கையில்ல அது?" என்றார் மாமா.

"என் மவன் கைதான். அதனாலதான் சொல்றேன். போருல தீ வச்சா பக்கத்துல அவன் பொண்டாட்டி புள்ள படுத்திருக்கும்."

அப்பா உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் கைய ஒடிச்சா உன் கை கூடுமாய்யா?" என்று கேட்டார்.

"கூடாதுப்பா. ஆனா எனக்குத் தூக்கம் வரும்" என்றான் அண்ணன்.

மறுநாள் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு மிராசுதாரைப் பார்த்துப் பேசப் போனார். வெயிலில் மாட்டுக்கொட்டகை ஓரமாக இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். மிராசுதார் வெளியே வரவே இல்லை. காரியக்காரன் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து, "உபதேசியாரே, இங்க வந்து உபதேசம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அப்பா திரும்பி நடந்து வந்ததைத் தெருவே பார்த்தது. மிராசுதார் வீட்டில் மோர் குடித்துவிட்டு வருகிறார் என்று ஒருவர் சொன்னார். இரண்டு நாளில் அது உண்மையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் பாதிப் பாய் காலியாகக் கிடந்தது.

எனக்கு அப்பாமேல்தான் அதிகக் கோபம். அடித்தவனையாவது வெறுக்கலாம். வெறுக்காதே என்கிறவரை என்ன செய்வது? எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் அவிந்துவிடும் என்று தெருப் பிள்ளைகள் சொல்வார்கள். நான் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை முழுக்க எருக்கு இலையாகக் கிள்ளிச் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்த்தேன். விரலெல்லாம் பிசுபிசுத்து எரிந்தது. காரியக்காரன் சைக்கிளில் போகும்போது மரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று திட்டம். மறுநாள் பார்த்தால் அது காய்ந்து ரப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் சேர்த்தேன். மறுபடியும் காய்ந்தது. நான் சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காயாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. கோயிலுக்குள் அப்பா ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கூட்டும் அக்கா பாய்களை உதறிக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக ஒரு ஆள் விழுந்தடித்து உள்ளே வந்தான். உடம்பெல்லாம் சேறு, காலில் செருப்பில்லை. காரியக்காரன்.

வாய்க்கால் கரையில் தனியாக வந்தவனை மாமாவும் மற்றவர்களும் மறித்திருக்கிறார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி, நாணலுக்குள் ஒளிந்து ஒளிந்து, எங்கே வந்தோம் என்று தெரியாமலே எங்கள் கோயிலுக்குள் வந்துவிட்டான். அப்பாவைப் பார்த்ததும்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் முகம் செத்துப்போனது.

அப்பா அவனைப் பார்த்தார். பிறகு சாமான் அறைக் கதவைத் திறந்து, "உள்ள போங்க" என்றார். அவன் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். மூச்சு வாங்குகிற சத்தம் வெளியே கேட்டது.

அப்பா என்னிடம் திரும்பினார். "பாப்பா, அவருக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

அக்கா பாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டேன். பானைக்குப் பின்னால் நின்று அதில் துப்பினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் என்னை யாரென்றுகூடப் பார்க்கவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். போதவில்லை.

தெருமுனையில் மாமாவும் ஆட்களும் தேடிக்கொண்டு வந்தார்கள். கையில் கம்பு, இரண்டு பேரிடம் அரிவாள். மாமா முன்னால் வந்து, "பாப்பா, இந்தப் பக்கம் யாராச்சும் ஓடுனாங்களா?" என்றார். மற்றவர்கள் பின்னால் நாணலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அப்பா சாமான் அறையைச் சாத்தி, கோயில் வாசற்படியில் வந்து நின்றுவிட்டார். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வழிவிட்டு விலகச் சொல்லி மாமா கத்தினார். அப்பா விலகவில்லை.

"உள்ள இருக்கான்னு எங்களுக்குத் தெரியும்."

"இருக்காருப்பா. நான் பொய் சொல்லல. ஆனா விட மாட்டேன்."

"மச்சான், கடைசியாச் சொல்றேன்."

"சொல்லு."

மாமா அரிவாளைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தால் அப்பாவின் தோளில் இடிக்கத்தான் ஓங்கினார். அப்பா தலையைச் சாய்த்தார். காதோடு சேர்ந்து பட்டது. அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்து வழியாக ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அப்படியே நிலையைப் பிடித்து எழுந்து, பழைய இடத்திலேயே நின்றார். மாமா தன் கையைப் பார்த்தார். அரிவாள் கீழே விழுந்தது.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். கழுத்தில் தொங்கிய கட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் நின்றான். "எல்லாரும் போங்க" என்றான். "எனக்கு அவன் சாவ வேணாம். நாளைக்குத் தாசில்தார் விசாரணையில நான் நிக்கிறத அவன் பாக்கணும்." அது மன்னிப்பு இல்லை. ஆனாலும் கூட்டம் அதைக் கேட்டது. அப்பா சொன்னதைக் கேட்கவில்லை.

அப்பா காதில் துணியை அழுத்திக்கொண்டு, காரியக்காரனை வயல் வழியாக அவர்கள் தெரு எல்லைவரை தானே கூட்டிக்கொண்டு போய் விட்டார். போகும்போதும் அவன் முன்னால், அப்பா பின்னால். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்பா சொன்னார்.

விசாரணை நாளில் சாவடியில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். மிராசுதார் பக்கத்தில் மறுத்துச் சொல்ல வேண்டியவன் காரியக்காரன். அவன் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார்கள். அப்பா அதை நன்றி என்றார். அண்ணன் பயம் என்றான். எதுவாக இருந்தாலும், பதினொன்றில் ஏழு பெயர் பதிவானது. அண்ணன் பெயரும் பதிவானது. எழுத்தறிந்த என் அண்ணன் இடது கைக் கட்டைவிரலை மசியில் ஒற்றி உருட்டினான். அந்தப் பச்சைப் பேனா சட்டைப்பையில் இருந்தது. பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு இடது காது போய்விட்டது. மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா வேண்டாமென்று எழுதிக்கொடுத்தும் ஆறு மாதம் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் உங்களில் பலர் கேள்விப்பட்டதுதான். கேள்விப்படாதது இனிமேல்தான்.

அவன் உள்ளே இருந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ யார்கிட்டயாச்சும் சொன்னியாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். சொல்லவில்லைதானே, கையைத்தானே நீட்டினேன் என்று எனக்குள் ஒரு நியாயம். போலீஸ் வண்டியில் ஏறும் முன், யார் சொன்னது என்று அப்பா மாமாவிடம் கேட்டபோது, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோயில்ல இருந்த ஆளு சொல்லிச்சு" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், பழி இருக்காதா என்றார்கள். என் அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினார். அரிவாள் எடுத்தவர்களை வீரர்கள் என்ற அதே வாய்கள், உபதேசியார் காது போனதற்கு அந்த அக்காவைக் காரணம் சொல்லின.

ஒரு நாள் அவர் அப்பாவிடம் வந்தார். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லலங்க" என்றார்.

அப்பா திட்டவில்லை. "சரிம்மா. கர்த்தருக்குத் தெரியும்" என்றார். பிறகு மெதுவாக, "கோயில் சாவி இனிமே எங்க வீட்டுலயே இருக்கட்டும்மா" என்றார்.

முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே நான் இதைக் கேட்டேன். எழுந்து போய்ச் சொல்ல நாலடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அந்த அக்கா ஒரு துணி மூட்டையோடு பட்டுக்கோட்டைப் பக்கம் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். யாரும் வழியனுப்பவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு உத்தரவு வந்த அன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜெபம் செய்யப் போகும் நேரம். நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து, துப்பியது முதல் கை நீட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அன்று ஜெபம் செய்யவில்லை. என்மேல் கோபப்படவும் இல்லை. விடிந்ததும், "கெளம்பு" என்றார்.

பட்டுக்கோட்டையில் இறங்கித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மூன்று மைல் நடந்தோம். குளத்தங்கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊறின தேங்காய் மட்டையைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அழுகிய தண்ணீர் நாற்றம். அந்த அக்கா தலை நரைத்து, கையெல்லாம் கறுத்துப் போய் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை.

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். எங்கள் ஆட்கள் மிராசுதார் முன்னால் நிற்கிற மாதிரி.

"தப்பு பண்ணிட்டேம்மா. நீ இல்ல. எம்மவதான். மன்னிச்சிரும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"உபதேசியாரே, என் புருஷனக் கொன்னவன் அன்னைக்கு எனக்கு ரெண்டடியில இருந்தான். தெருவுக்கு ஓடிப் போயிச் சொல்ல எனக்குக் கால் துடிச்சுச்சு. உங்க மூஞ்சிக்காகப் பாயப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அப்பறம் நான் சொல்லலன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். கர்த்தருக்குத் தெரியும்னீங்க. கர்த்தருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேன்னுதான் நான் கெளம்பி வந்தேன்."

அப்பா தலையைக் குனிந்தார். "ஒரு வார்த்த கூடக் கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

"அவனுக்குக் கதவத் தொறந்து விட்டீங்க. எனக்குச் சாத்துனீங்க."

நான் சேற்றில் மண்டிபோட்டேன். "அக்கா, என்னை நாலு அறை அறஞ்சிருங்க" என்றேன். உண்மையாகவே கேட்டேன். கன்னத்தைக்கூடத் திருப்பிக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த ஒன்றுதான். கொட்டாங்குச்சியோடு வாய்க்கால் கரையில் நான் அலைந்த நாட்களில் என்னிடம் இருந்தது. ஆனால் அவரிடம் அந்தப் பழி அவசரப்படவில்லை.

"அறஞ்சா உனக்கு ஆறிப்போயிரும்" என்றார். "வேணாம். போ."

பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்து, அடுத்த மட்டையை இழுத்து வைத்து அடிக்கத் தொடங்கினார். நாங்கள் தோப்பைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.